இளவரசியின் மூச்சுக்கு உரியவர்

சிறுவர் சித்திரப்பட வாரியம் ஒரு படத்தை எடுக்க ஆரம்பித்தால், அதைப் பார்க்க வேண்டிய சிறுவர்களுக்கு மீசை முளைத்துக் கல்யாணமும் ஆகிவிடும். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வாரியத்தின் ஆண்டறிக்கையே 'நிதானம்' என்று ஒரு தனி அத்தியாயம் வைத்து இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறது. கார்ட்டூன் என்ற சொல்லை அந்தக் கட்டடத்துக்குள் உச்சரிக்கக்கூடாது. சித்திரப்படம் என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் எழுந்து நின்று சொன்னால் நல்லது.

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், மாடிப்படிக்கும் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்த அறைக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன அறையில், நம்முடைய இடைப்படக்காரர் ஆறு வருடமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இடைப்படம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒருவர் கையைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கீழே இருக்கிற படத்தையும், மேலே போய்விட்ட படத்தையும் தலைமை ஓவியர் வரைவார். பேரும் அவருக்குத்தான். கீழேயிருந்து மேலே போகிற வழியில் வரும் அத்தனை படங்களையும் வரைகிறவர் இடைப்படக்காரர். முதல் படமும் அவருடையது இல்லை, கடைசிப் படமும் அவருடையது இல்லை. அவர் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் அமைந்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு ஊரில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு, பதில் வருவதற்குள் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் பேசும் மனிதக் குரல் அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

படத்தின் கதை உலகத்துக்கே தெரிந்த பழைய கதை. சாபத்தால் ஓர் இளவரசி நூறு வருடம் தூங்குகிறாள். ஓர் இளவரசன் வந்து முத்தம் கொடுத்து எழுப்புகிறான். முத்தம் என்றதும் வாரியத்தின் ஒழுக்கக் குழுவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முத்தத்தை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று இரண்டு வருடம் பேசினார்கள். கைகுலுக்கலைப் பரிசீலித்தார்கள். அலாரக் கடிகாரத்தைப் பரிசீலித்தபோது, அந்தக் காலத்தில் அது கிடையாது என்று மூலக்கதைப் பாதுகாப்பு அலுவலர் பதினோரு பக்கத்துக்கு எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். அந்தச் சமயத்தில் வாரியத் தலைவர் ஒரு சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பினார். தங்கிய விடுதியின் லிஃப்டுக்குள் அவர் ஜாஸ் இசை கேட்டிருந்தார். பதினான்கு மாடி. கீழே இறங்கும்போது அவர் ஜாஸ் நிபுணர்.

"ஜாஸ்னா என்ன? சுதந்திரம். யாரு வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் வாசிக்கலாம்," என்று அவர் கூட்டத்தில் பேசினார். "எப்படி வாசிக்கணும்னு நான் சொல்றேன்."

இப்படியாக இளவரசன் கையில் ஒரு சாக்ஸபோன் வந்து சேர்ந்தது. இளவரசி தூங்கும் காட்சி பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் தூரத்திலிருந்து சாக்ஸபோன் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் அவள் கண்ணைத் திறப்பாள்.

இந்தத் தொழிலில் முதலில் இசையைப் பதிவு செய்வார்கள். பிறகுதான் அதைக் கேட்டுக் கேட்டுப் படம் வரைவார்கள். பதிவான ஒலிநாடா மூன்றாவது மாடிக்கு வந்தபோது, 'சாக்ஸபோன்: பெண், ஒருவர்' என்று மட்டும் அதன் மேல் எழுதியிருந்தது. தலைமை ஓவியர் இரண்டு படங்களை வரைந்து மேசையில் வைத்தார். ஒன்றில் இளவரசி தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் இமை பாதி திறந்திருந்தது. "நடுவுல நீ பாத்துக்கோப்பா," என்று சொல்லிவிட்டு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

நடுவில் இருந்தவை ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது படங்கள்.

அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாடாவை ஓடவிட்டார். சாக்ஸபோன் ஒரு வரி பேசியது. நின்றது. அந்த நிறுத்தத்தில் ஒரு மூச்சு கேட்டது. மெதுவாக உள்ளே போய், ஒரு கணம் தங்கி, அதைவிட மெதுவாக வெளியே வந்தது. அது முடிந்த பிறகுதான் அடுத்த வரி ஆரம்பித்தது. பதினோரு நிமிடமும் இப்படியே. வாசிக்கிற பெண்ணின் மூச்சு என்று அவர் புரிந்துகொண்டார். இளவரசி அந்த மூச்சைத்தான் விட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். மூச்சு உள்ளே போகும்போது போர்வையின் ஓரம் ஒரு கோடு அளவுக்கு எழும். வெளியே வரும்போது ஒரு கோடு அளவுக்குத் தாழும்.

ஆறு வருடம் அவர் அந்தக் கோட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். காலையில் வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வந்துட்டேங்க," என்று சொல்வார். அவள் மூச்சு விடுவாள். மதியம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும்போதும் நாடாவை நிறுத்த மாட்டார். அவளுக்கு என்ன வயது, எங்கே இருக்கிறாள், சளி பிடித்தால் என்ன செய்வாள் என்றெல்லாம் யோசிப்பார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அவருக்கு இந்த உலகத்தில் துணை என்று இருந்தது அந்த மூச்சு மட்டும்தான்.

வரைந்த ஒவ்வொரு படமும் செயலாளர் அம்மாளிடம் போய்ச் சுருக்கொப்பம் வாங்கி வர வேண்டும். அவர் மகா கண்டிப்பு. ஒவ்வொரு தாளையும் தூக்கிப் பார்த்து, 'இளவரசி அசையவில்லை. சரி.' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏழாயிரத்துச் சொச்சம் தாள்களிலும் அப்படியே எழுதினார். தனித்தனியாகப் பார்த்தால் அவள் எதிலும் அசையவில்லைதான்.

கண் திறக்கும் இடம் மட்டும் பாக்கி இருந்தபோது, அதுவரை முடிந்ததைத் திரையிட்டுப் பார்க்க வாரியம் கூடியது. விளக்கை அணைத்தார்கள். இளவரசி மூச்சு விட்டாள்.

"நிறுத்துங்க," என்றார் செயலாளர். விளக்கு எரிந்தது. "அசையுது."

மூலக்கதைப் பாதுகாப்பு அலுவலர் கதைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தூங்கினாள்னுதான் போட்டிருக்கு. மூச்சு விட்டாள்னு எந்தப் பக்கத்துலயும் இல்லை," என்றார்.

இடைப்படக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து திருதிருவென்று விழித்தபடி நின்றார்.

"மூச்சுக்கு யாரு அனுமதி கொடுத்தது?" என்று செயலாளர் கேட்டார்.

"அனுமதின்னு இல்லைங்க மேடம். உயிரோட இருக்காங்களேன்னு..."

"அதை நீங்க முடிவு பண்ணக்கூடாது. இங்க நான் இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். ஒரு தடவை கூட நானா எதையும் முடிவு பண்ணினதில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்."

தூக்க மருத்துவ நிபுணர் ஒருவரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் நாற்பது பக்க அறிக்கை அனுப்பினார். உயிருள்ளவர்கள் மூச்சு விடுவது பரவலாகக் காணப்படும் வழக்கம்தான் என்றாலும், அரச குடும்பத்தினர் விஷயத்தில் தனியாக ஆய்வு தேவை என்று அதில் முடித்திருந்தார். ஆய்வுக்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவில் மூச்சு விடுவதற்கு எதிராக மூன்று பேரும் ஆதரவாக இரண்டு பேரும் இருந்தார்கள். தலைவர் மட்டும் இந்தக் கூட்டங்கள் எதிலும் வாய் திறக்கவில்லை. ஜாஸ் விஷயமாக அவர் மறுபடி சுற்றுப்பயணம் போயிருந்தார்.

கடைசியில் ஒரு ஆணை வந்தது. ஒலிநாடாவில் பட்டியலில் இல்லாத ஒரு மூச்சு இருக்கிறது. அந்த மூச்சுக்கு உரியவர் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு நாடாவிலிருந்து நீக்கப்படும், ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் படங்களும் கிழிக்கும் இயந்திரத்துக்குப் போகும், பதினோரு நிமிடமும் இளவரசி ஒரே படமாக அசையாமல் கிடப்பாள்.

இடைப்படக்காரர் ஆணையை இரண்டு தடவை படித்தார். ஆறு வருட உழைப்பு போகிறதே என்பது ஒரு பக்கம். அவளை மூச்சில்லாமல் கிடத்தப் போகிறார்களே என்பதுதான் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒருவர் செத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு. ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளேயே ஒரு சின்ன சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் போக இப்போது ஆணையே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டபோது, "அக்கா, நான் ஒருத்தங்களைப் பார்க்கப் போறேன்," என்றார்.

அக்கா முழங்காலை மறந்துவிட்டார். "யாருடா? பொண்ணா? எத்தனை நாளாத் தெரியும்?"

"ஆறு வருஷமா."

"அடப்பாவி, ஆறு வருஷமா என்கிட்ட மூச்சே விடலையே நீ. என்ன பண்றாங்க?"

"சாக்ஸபோன் வாசிக்கிறாங்க. இன்னும் பேசினதில்லை."

"நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போ," என்றார் அக்கா.

பதிவுக்கூடத்துக்காரர்களிடம் விசாரித்து விலாசம் வாங்கினார். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போக வேண்டிய வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கழுத்தில் சாக்ஸபோனைத் தொங்கவிடும் வார் மட்டும் கிடந்தது.

அவர் இவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இடைப்படக்காரர் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டம்ளரை மூன்று முறை கீழே வைத்து எடுத்தார்.

"என் மூச்சா?" என்றார் அந்த அம்மாள். "எங்க, போடுங்க கேப்போம்."

கையோடு கொண்டுபோயிருந்த நாடாவைப் போட்டுக் காட்டினார். முதல் வரி முடிந்தது, மூச்சு வந்தது. அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இது என் மூச்சு இல்லைங்க. வாசிக்கும்போது நான் மூச்சு வாங்குறது வெளிய கேக்கவே கேக்காது. அப்படித்தான் எங்க வாத்தியார் அடிச்சு அடிச்சுக் கத்துக்கொடுத்தார். இது உங்க தலைவர்."

இடைப்படக்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்க தலைவரா?"

"மேற்பார்வை பண்றேன்னு மைக்குப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தார். சுதந்திரமா வாசிங்கன்னார். நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள தூங்கிட்டார். எழுப்ப யாருக்கும் தைரியம் வரலை. ஒலிப்பதிவு பண்றவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையெடுத்துக் கும்பிடுறார், எப்படியாவது முடிச்சுக் கொடுங்கன்னு. நான் என்ன பண்றது? அவர் மூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, அந்த இடைவெளியில வாசிச்சேன். என் வாழ்க்கையில அவ்வளவு கவனமா நான் யாரையும் கேட்டதில்லை."

இடைப்படக்காரர் நாடாவை நிறுத்தினார். ஆறு வருடம் காலை வணக்கம் சொன்னதும், சளி பிடித்திருக்குமோ என்று கவலைப்பட்டதும் யாருக்காக என்று நினைக்கையில் காது மடல் சூடேறியது. தான் தேடி வந்த பெண் எதிரில்தான் இருந்தார். ஆனால் அந்த நாடாவில் அவருடைய மூச்சு ஓர் இடத்திலும் இல்லை. சத்தமே வராமல் பார்த்துக்கொண்ட இடங்களில்தான் அவர் இருந்திருக்கிறார். அதை எப்படிக் கேட்பது?

"முகமே வாடிப்போச்சே," என்றார் அந்த அம்மாள். "வேணும்னா என்னுதுன்னே கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா? ஒரு மூச்சுதானே. போனாப் போகுது."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பொய்யாகக் கூட அதை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா வாங்க," என்று அந்த அம்மாள் சொன்னார். எல்லோரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

பதினைந்தாவது நாள் வாரியம் கூடியது. தலைவர் நடுநாயகமாக வீற்றிருந்தார். இடைப்படக்காரருக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் இளவரசி சாவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, நாள், இடம், நாற்காலி எல்லாவற்றையும் சொல்லி, மூச்சு தலைவருடையது என்று முடித்தார்.

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். தலைவர் எழுந்தார்.

"நான் எத்தனை மேடையில சொல்லியிருக்கேன், இந்த வாரியம்தான் என் மூச்சுன்னு. யாராவது நம்பினீங்களா?" என்று அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னிக்கு ஆதாரத்தோட வந்திருக்கு. இதுல எனக்குப் பெருமை ஒண்ணும் இல்லை. நான் சும்மா உக்காந்திருந்தேன், படைப்பு தானா நடந்தது. என் பதவிக்காலம் முழுக்கவே அப்படித்தான் நடந்திருக்கு."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. மூலக்கதைப் பாதுகாப்பு அலுவலர் புத்தகத்தை மறுபடி புரட்டி, மூச்சு விடவில்லை என்றும் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். துணைக்குழுவின் மூன்று பேரும் தங்களுக்கு எப்போதுமே மூச்சில் நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் படங்களும் பிழைத்தன. இடைப்படக்காரருக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் செயலாளர் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்ன விஷயம். மூச்சு ஐயாவோடதுன்னு பதிவாகுது. இளவரசி தூங்குறான்னும் பதிவாகுது. அப்போ அந்த நேரத்துல ஐயா..."

தலைவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் தூங்கலை," என்றார்.

"தெரியும்ங்க ஐயா. அதனால இளவரசியும் தூங்கலைன்னு வெச்சுக்கலாம்."

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இந்தப் படத்தை ஆரம்பித்த பதினோரு வருடத்தில் அந்த வாரியம் அரை மணி நேரத்தில் முடித்த வேலை அது ஒன்றுதான். இளவரசி தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நூறு வருடமாக ஆழ்ந்து ஆலோசித்துக்கொண்டிருக்கிறாள். இளவரசன் வருவான், சாக்ஸபோன் வாசிப்பான், அவளுடைய ஆலோசனையைக் கலைக்காமல் மரியாதையாகத் திரும்பிப் போவான். தூங்காதவளை எழுப்ப வேண்டிய அவசியம் இல்லாததால், அவள் கண் திறக்கும் காட்சி ரத்து.

"மேடம்," என்றார் இடைப்படக்காரர். அந்தக் கட்டடத்தில் கூப்பிடாமலே அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். "அவங்க எந்திரிக்கணும் மேடம். ஆறு வருஷமா அதுக்காகத்தான் வரைஞ்சிட்டிருக்கேன். மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு அப்படியே கிடந்தா எப்படி?"

செயலாளர் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்த்தார். "நாங்க எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்," என்றார்.

இடைப்படக்காரருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். தலைமை ஓவியர் வரைந்துவைத்த கடைசிப் படம், இமை பாதி திறந்த அந்தப் படம், கிழிக்க வேண்டிய தாள்கட்டுக்கு மேலாக வைக்கப்பட்டிருந்தது. அவர் சான்றிதழை அந்தத் தாள்கட்டின் மேல் வைத்துவிட்டு, படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திருட்டு என்று அவர் செய்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டார். "அது வேற ஆளுக்கா," என்றார் இவர். அக்கா மேலே கேட்கவில்லை, முழங்காலைப் பற்றியும் பேசவில்லை. அந்த அமைதி அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தாள்களை எடுத்து வைத்தார். தூங்கும் படத்திலிருந்து பாதி இமை வரைக்கும் பன்னிரண்டு படங்கள். அதை அவர் கையே வரைந்துவிடும். ஆனால் எழுந்திருக்கிறவர்கள் முதலில் ஒரு மூச்சு இழுப்பார்களே, அந்த மூச்சுக்கு நாடாவில் எதுவும் இல்லை. தலைவரின் மூச்சு வேண்டாம். சைக்கிள் கடை அம்மாளின் மூச்சு யாருக்கும் கேட்காது. அவர் எழுந்து போய் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணை மூடி, தூங்குகிறவர் விழிப்பதுபோல ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். தோள் எவ்வளவு எழும்புகிறது, கழுத்து எங்கே அசைகிறது என்று பார்த்துக்கொண்டு வந்து வரைந்தார்.

பாதி இமை வரை வந்ததும் கை நின்றது. அதற்கு அப்பால் வரைந்து வைத்துவிட்டுப் போனவர் யாரும் இல்லை. போய்ச் சேர வேண்டிய படம் என்று ஒன்று இல்லாமல் அவர் இதுவரை ஒரு கோடு கூடப் போட்டதில்லை. நெடுநேரம் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு வரைய ஆரம்பித்தார். இமை முழுதாகத் திறந்தது. கருவிழி இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, நேராக வந்து நின்றது.

வெயில் சாய்ந்திருந்தது. தாள்களைத் தட்டி அடுக்கி, ஓரத்தைக் கட்டை விரலால் பிடித்து மெதுவாகச் சரியவிட்டார். இளவரசி ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணைத் திறந்தாள். அறையின் ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள், எழுப்பியவன் எங்கே என்று தேடினாள். கடைசியில் அவரைப் பார்த்தாள்.

அவர் அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வேற யாரும் வரலைம்மா," என்றார். "நான் மட்டும்தான் இருக்கேன்."